இல்லாத படிப்பில் ஒரு முதுகலைப் பட்டம்

முப்பத்து நான்கு வயதில் எம்.ஏ. சேர்ந்தேன். எந்த எம்.ஏ. என்று கேட்டவர்களுக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. வரலாறு, பொருளாதாரம், சூழலியல், இலக்கியம், தத்துவம் எல்லாம் சேர்ந்த இரண்டு வருடப் படிப்பு. கோவைக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரி அதைப் புதிதாகத் தொடங்கியிருந்தது.

அதற்கு முன் துடியலூர்ப் பக்கம் ஒரு பம்புசெட் கம்பெனியில் டிசைன் பிரிவில் இருந்தேன். போர்வெல்லுக்குள் இறக்கும் மோட்டார்களை வரைவது என் வேலை. வருடத்துக்கு வருடம் இன்னும் ஆழத்திலிருந்து இழுக்கிற மோட்டார் வேண்டும் என்றார்கள். நானும் வரைந்து கொடுத்தேன். ஒருமுறை தொண்டாமுத்தூரில் ஒரு தென்னந்தோப்புக்குப் போனபோது, வற்றிப்போன போர்க்குழாய்கள் வரிசையாக மூடி போட்டு நிற்பதைப் பார்த்தேன். பக்கத்திலேயே புதிதாக ஒன்று தோண்டிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து மீட்டிங்கில், தண்ணீர் ஏன் கீழே போய்க்கொண்டே இருக்கிறது என்று கேட்டேன். மேலாளர் சிரித்துக்கொண்டே, "அது நம்ம டிபார்ட்மென்ட் இல்லீங்க" என்றார். யாருடைய டிபார்ட்மென்ட் என்று தேடிப் பார்த்தேன். யாருடையதும் இல்லை. அதனால்தான் அந்தப் படிப்பில் போய்ச் சேர்ந்தேன்.

சொந்தக்காரர் கல்யாணம் ஒன்றில், பந்தியில் நாலு பேர் கேட்கிற மாதிரி என் அண்ணன் ஆரம்பித்தார். "ஏனம்மணி, பி.ஈ. படிச்சுபோட்டு மறுக்கா எம்.ஏ.வா? எல்லாரும் மேல போவாங்க, நீ கீழ எறங்கறே. அப்படி என்னதான் சொல்லித் தர்றாங்க?"

"எல்லாந்தானுங்கண்ணா."

"எல்லாம்னா ஒண்ணுமில்லேன்னு அர்த்தம்."

பந்தியே சிரித்தது. பி.ஈ. முடித்துவிட்டு இன்சூரன்ஸ் பிடிக்கிற என் சித்தப்பா மகனும் சிரித்தான். அவனிடம் படிப்பு வீணாகிவிட்டதே என்று யாரும் கேட்டதில்லை.

வீட்டில் என் கணவர், "நீ படி, ஊட்ட நான் பாத்துக்கறேன்" என்றார். சொன்னபடி பார்த்துக்கொள்ளவும் செய்தார். ஆனால் வருகிற போகிற எல்லாரும் அவரைப் புகழ்ந்த புகழ்ச்சி என்னால் தாங்க முடியாததாக இருந்தது. எனக்கு ஏதோ வரம் கிடைத்துவிட்டதாகப் பேசினார்கள். கல்யாணமான புதிதில் அவர் வேலைக்குப் போய்க்கொண்டே எம்.பி.ஏ. படித்தார். அப்போது வீட்டையும் வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டவள் நான். எனக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

வகுப்பில் எனக்கு நெருக்கமானவள் கோட்டைமேட்டு முஸ்லிம் குடும்பத்துப் பெண். அப்போதுதான் பி.காம். முடித்திருந்தாள். அவளுடைய அத்தா உக்கடத்தில் இரும்புக்கடை வைத்திருந்தார். தன் அண்ணன் தம்பிகள் வேண்டாம் என்று சொல்லியும் மகளை அனுப்பியவர். தங்கள் பகுதிக் கல்யாண விருந்துகளைப் பற்றி ஆய்வு செய்யப் போவதாக அவள் சொன்னாள். யார் சமைக்கிறார்கள், யார் பரிமாறுகிறார்கள், பெண்கள் எப்போது சாப்பிடுகிறார்கள், விருந்து எப்போது மண்டபத்துக்குப் போனது என்றெல்லாம் கேள்விகள் வைத்திருந்தாள். ஒருநாள் பொருளாதார ஆசிரியரிடம், "வீட்டு வேலைக்குக் கூலி கெடையாதுன்னா, அது உங்க பொருளாதாரத்துல எங்க சார் வருது?" என்று கேட்டாள். அவர் யோசித்துவிட்டு நாளை சொல்கிறேன் என்றார். மறுநாள் உண்மையிலேயே பதிலோடு வந்தார். அவள் அதையும் ஒப்புக்கொள்ளவில்லை. மதியச் சாப்பாட்டு மணி அடித்த பிறகும் வாதம் ஓடியது. பி.ஈ. படித்த நாலு வருடத்தில் அப்படி ஒரு வகுப்பு எனக்கு வாய்க்கவில்லை.

அந்த வருடம் விளம்பரத்துக்காக எங்கள் இருவரையும் ஒரு மரத்தடியில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். "சிரிங்க, ஆனா யோசிக்கிற மாதிரி சிரிங்க" என்றார் படம் எடுத்தவர். கோடை விடுமுறையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் போகும்போது பார்த்தால், ஒரு விளம்பரப் பலகையில் எங்கள் இரண்டு பேர் தலையும் ஆளுயரத்துக்கு நின்றன. கீழே 'நாளைய உலகத்துக்கான படிப்பு' என்று எழுதியிருந்தது.

இரண்டாம் வருடம் தொடங்கவேண்டிய வாரத்தில் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. புதிதாக யாரும் சேராததால் படிப்பு நிறுத்தப்படுகிறது, மாணவர்கள் எம்.பி.ஏ.வுக்கு மாறிக்கொள்ளலாம் என்று இருந்தது. கீழே கூப்பிய கைகளின் படம். பொருளாதார ஆசிரியரை விடுமுறையிலேயே வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

நானும் என் தோழியும் தாளாளரைப் பார்க்கப் போனோம். வெள்ளை வேட்டி, குளிரூட்டிய அறை, மிகத் தணிந்த குரல்.

"உக்காருங்கம்மணி. அட்மிசனே இல்லாதபோது நாங்க என்ன பண்றதுங்க, நீங்களே சொல்லுங்க."

"சேந்தவங்களுக்கு முடிச்சுக் குடுக்கோணுமுங்களே."

"அதான் எம்.பி.ஏ. தர்றோமுங்களே. அதுக்குத்தான் இன்னிக்கு டிமாண்டு."

"நாங்க அதுக்குச் சேரலீங்க."

"உங்களுக்கென்னுங்க, ஊட்டுக்காரர் சம்பாதிக்கறாரு. பொழுதுபோக்குக்கு எதப் படிச்சா என்ன? இந்தப் புள்ளயப் பாருங்க. இந்தப் படிப்ப வெச்சுட்டு நாளைக்கு எங்க போயி நிக்கும்?"

என் தோழி நிமிர்ந்தாள். "நான் மேட்டுப்பாளையம் ரோட்டுல நிக்கிறேன் சார். உங்க போர்டுல."

அவர் முகம் மாறவே இல்லை. "அது ஏஜென்சிக்காரங்க வெச்சதுங்க. எடுக்கச் சொல்லிடறேன்" என்றார்.

எங்கள் ஊரில் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதென்றாலும் ஒரு 'ங்க' போட்டுத்தான் தள்ளுவார்கள். திட்டினால் திருப்பித் திட்டலாம். மரியாதையை என்ன செய்வது?

சேர்ந்தவர்கள் முடிக்கும்வரை ஒரு படிப்பை நிறுத்தக்கூடாது என்று விதி இருந்தது. பல்கலைக்கழகத்துக்கு மனு கொடுத்தோம். அங்கே ஒவ்வொரு மேசையும் எங்களை அடுத்த மேசைக்கு அனுப்பியது. வாரங்கள் போயின. வகுப்பு இல்லை, ஆசிரியர் இல்லை. கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராக எம்.பி.ஏ.வுக்கு மாறினார்கள். சிலர் நின்றே போனார்கள்.

ஒருநாள் அவள் போனை எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. கோட்டைமேட்டில் அவள் வீட்டுக்கே போனேன். அத்தா மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்.

"வாங்கம்மா, உக்காருங்க" என்றவர், நான் கேட்பதற்கு முன்பே சொன்னார். "ஈரோட்டுல ஒரு நல்ல எடம் வந்திருக்கும்மா. பேசி முடிச்சிட்டோம்."

"படிப்பு முடியற வரைக்கும் பொறுக்கக் கூடாதுங்களா?"

"பொறுக்கணும்னுதான் இருந்தேன். காலேஜு தொறந்திருந்தா, புள்ள படிக்குதுன்னு நாலு பேருகிட்ட தைரியமாச் சொல்லுவேன். இப்ப என்னன்னு சொல்லட்டும்? சும்மா ஊட்டுல இருக்குற புள்ளைக்கு ஏன் மாப்பிள்ளை பாக்கலேன்னு என் தம்பியே கேக்குறான்."

சமையலறை வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினாள், விடுங்கள் என்பதுபோல. அந்த மனிதர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. குடும்பத்தையே எதிர்த்துக்கொண்டு மகளுக்கு வழிவிட்டவரிடம், கல்லூரி அந்த வழியையே அடைத்துவிட்ட பிறகு என்ன தைரியத்தில் பொறுக்கச் சொல்வது?

அவள் கல்யாணம் முடிந்த பிறகுதான் பல்கலைக்கழக உத்தரவு வந்தது. படிப்பைத் தொடர்ந்து நடத்தி முடிக்கவேண்டும் என்று இருந்தது. அதற்குள் வகுப்பில் மிஞ்சியது நான் மட்டும்தான்.

வேறு துறைகளிலிருந்து ஆசிரியர்களை அனுப்பினார்கள். "இன்னிக்கும் வந்துட்டீங்களா?" என்று கேட்டபடியே உள்ளே வருவார்கள். ஒருவர் பழக்கதோஷத்தில் நோட்ஸை உரக்க வாசித்துவிட்டு, "கடைசி பெஞ்சுக்குக் கேக்குதா?" என்றார். கடைசி பெஞ்சில் என் பை இருந்தது. ஆய்வை நானே எழுதினேன். தொண்டாமுத்தூர்த் தோப்புகளுக்கு மறுபடி மறுபடி போய், ஒரு போர்வெல் ஒரு குடும்பத்துக்குள் என்னென்ன செய்கிறது என்று பார்த்து எழுதினேன். இலவச மின்சாரம், நிலத்தடிப் பாறை, பாகப்பிரிவினைச் சண்டை, தண்ணீர் வற்றியதும் முதலில் நின்றுபோகிற பெண்பிள்ளையின் படிப்பு என்று எல்லாம் அதற்குள் வந்தது.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்தவர் ஆய்வேட்டைப் புரட்டிவிட்டு, "இது எந்தச் சப்ஜெக்ட்?" என்றார்.

"போர்வெல்லுங்க சார்."

"போர்வெல் ஒரு சப்ஜெக்ட் இல்லையேம்மா. இது வரலாறா, பொருளாதாரமா?"

"அந்தத் தோப்புக்காரங்க வரலாறு தனியா, பொருளாதாரம் தனியா கஷ்டப்படலீங்க சார்."

அவருக்கு அது பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஆனாலும் கேள்விகளை ஒழுங்காகக் கேட்டார், பதில்களைக் கேட்டுக்கொண்டார், தேர்ச்சியும் போட்டார்.

அடுத்த மாதம் கல்லூரி விளம்பரத்தில் 'முதுகலையில் நூறு சதவீதத் தேர்ச்சி' என்று என் படிப்பின் பெயரையும் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்த அன்றே மறுபடி தாளாளரிடம் போனேன். என் தோழி பாதியில் நின்றது அவளால் அல்ல, விட்ட இடத்திலிருந்து முடிக்க அனுமதி வாங்கிக் கொடுங்கள் என்று கேட்டேன்.

"இல்லாத கோர்ஸுல எப்படிங்கம்மணி மறுக்கா சேத்தறது?"

"இல்லாத கோர்ஸுல நூறு சதவீதம் பாஸுன்னு போட்டிருக்கீங்களே. பாஸானது நான் ஒருத்திதானுங்க."

"அது கணக்குச் சரிதானுங்களே." பிறகு அதே தணிந்த குரலில் சொன்னார். "அந்தப் புள்ளைக்காக நீங்க ஏனுங்க அலையறீங்க? அவங்க வழக்கமே அப்படிங்க. பாதியில நிறுத்திக் கட்டிக் குடுத்துருவாங்க."

மகளைப் படிக்க அனுப்பியவர் அவளுடைய அத்தா. பாதியில் நிறுத்தியவர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். அதை அப்படியே அவரிடம் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது, 'ங்க' போடவில்லை. என் வாழ்க்கையில் பெரியவர் ஒருவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் மணியை அடித்து, "அம்மணிக்குக் காப்பி கொண்டு வாப்பா" என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

பேருந்து நிறுத்தத்திலிருந்து ஈரோட்டுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன், அவங்க வழக்கம் என்று அவர் சொன்னதை மட்டும் விட்டுவிட்டு. அவள் கேட்டுக்கொண்டாள். பின்னால் குக்கர் விசில் அடித்தது.

"விடுங்கக்கா. கோவப்பட்டு என்ன ஆகப்போகுது?"

"கோவப்படாம என்ன ஆச்சு?" என்றேன்.

அவள் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். பிறகு, "இங்க எங்க மாமியாரோட அக்கா, கல்யாண வீடுகளுக்குச் சமைக்கிறவங்க. நெறைய சொல்றாங்க. நான் கேட்டு எழுதி வெச்சுட்டிருக்கேன்க்கா" என்றாள்.

அனுப்பு என்றேன். அவளை மறுபடி சேர்க்கச் சொல்லி மேல்முறையீடு செய்ய எங்கே போகவேண்டும் என்று மறுநாள் காலையிலிருந்தே விசாரிக்க ஆரம்பித்தேன். இன்னும் பதில் வரவில்லை. என் கோபமும் தணியவில்லை. தணியவேண்டிய காரணம் எதுவும் இதுவரை நடக்கவில்லை.