‘நைஸ்’ பற்றிப் பேசப் போன வழியில்

காந்திபுரத்தில் டவுன் பஸ் ஏறுகிறேன். பீளமேட்டில் ஒரு கல்லூரியில் பதினொரு மணிக்கு என் உரை. ‘நைஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லின் வரலாறுதான் தலைப்பு. பக்கத்து இருக்கையில் மடியில் மாவு டப்பாவுடன் ஓர் அம்மா. என் தாள்களை எட்டிப் பார்க்கிறார்.

“ஏனுங்க சார், பரீட்சைங்களா?”

பீளமேட்டுக் கல்லூரியில் ‘நைஸ்’ பற்றிப் பேசப் போகிறேன் என்று விளக்குகிறேன். அறியாதவன் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. ஆங்கிலத்தில் முதலில் முட்டாளைக் குறித்தது, பிறகு எதிலும் நுணுக்கம் பார்ப்பவரை. நல்லவர், இனிமையானவர் என்பதெல்லாம் பின்னால் வந்தது.

“அடேங்கப்பா! எங்களுக்கு மில்லுல மாவை நைஸா அரைச்சுக் குடுத்தாப் போதுமுங்க. அப்புறம் வேலைன்னு கூப்புட்டா எங்க ஊட்டுக்காரரு நைஸா நழுவீருவாருங்க. அதுவும் நைஸுதானுங்களே?”

இந்த இரண்டு பொருளும் என் இருபது பக்கத்தில் இல்லை. பேனாவை எடுத்து ஓரத்தில் எழுதத் தொடங்குகிறேன். அம்மா பேச்சை நிறுத்திக்கொள்கிறார்.

எழுதி முடித்து நிமிர்கிறேன். “பீளமேடு வந்துவிட்டதா?”

“அது போயி மூணு ஸ்டாப் ஆச்சுங்க.”

“சொல்லியிருக்கலாமேம்மா!”

“சொல்லலாம்னுதான் பாத்தனுங்க. நீங்க கருத்தா எழுதீட்டிருந்தீங்க, தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு உட்டுட்டனுங்க.”

மணி பதினொன்றேகால். கோபிக்க முடியாமல், நன்றி சொல்லி இறங்குகிறேன். எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நிற்கும்போது கல்லூரியிலிருந்து போன். வழியில் ரொம்ப நைஸான ஒருவரைச் சந்தித்ததால் தாமதம் என்கிறேன். எந்தக் காலத்துப் பொருளில் என்று அவர்கள் கேட்கவில்லை.