மிளகுக் காட்டில் விழுந்த மூன்று உதைகள்

குற்றச்சாட்டு: 2024 பிப்ரவரி 20, செவ்வாய்க்கிழமை காலை எட்டேகால் மணிக்கு, தலைச்சோலை மலைக்கிராமத்தை அடுத்த எஸ்டேட்டின் மிளகுக் காட்டில், வேலையாட்களை மேற்பார்க்கும் ரைட்டர் பழனிசாமி, மிளகு பறிக்கும் தொழிலாளி குழந்தைவேலைக் கீழே தள்ளி, பூட்ஸ் காலால் வயிற்றில் மூன்று முறை உதைத்தார்.

குழந்தைவேலுக்கு வயது நாற்பத்திரண்டு. பிறவியிலேயே அவருடைய இரு சிறுநீரகங்களும் அடிப்பகுதியில் ஒட்டி, லாடம்போல வளைந்து, முதுகெலும்புக்கு முன்னால் கிடந்தன. 2018இல் கல் அடைத்துத் துடித்தபோதுதான், சேலத்தில் எடுத்த ஸ்கேனில் இது தெரிந்தது. கல்லை அகற்றிய டாக்டர் ஹேமலதா பொறுமையாக விளக்கினார்:

"பயப்படாதீங்க, வேலை நல்லாத்தான் செய்யுது. மத்தவங்களுக்கு விலா எலும்பு காவல். உங்களுக்கு அது கெடையாது. வயித்துல அடிபட்டா முதுகெலும்போட சேர்ந்து நசுங்கிரும். தண்ணி நெறையக் குடிங்க. வருஷம் ஒருக்கா வந்து காட்டுங்க."

அவர் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த சீட்டை, எட்டாம் வகுப்போடு நின்ற குழந்தைவேல் அகராதியை வைத்து வரி வரியாகப் படித்துத் தெளிந்தார். ரைட்டரிடம் ஒரு பிரதியைக் கொடுத்து, மற்றொன்றில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்தும் வாங்கினார்.

பழனிசாமி சிரித்தார். "லாடத்த ஆண்டவன் உள்ளயே அடிச்சுட்டானா? அப்ப மலையேற ஏத்த குதிரைடா நீ!"

சம்பவத்தன்று, மிளகுக்கொடி படர்ந்த மரத்தில் சாத்தியிருந்த ஒற்றை மூங்கில் ஏணி பனியில் ஊறியிருந்தது.

"ஏனுங்க, ஏணி நொம்ப வழுக்குதுங்க. கொஞ்சம் வெயில் வரட்டுங்க."

"குதிரைக்கு வெயில் கேக்குதா?"

முதல் உதையில் மூச்சு நின்றது. இரண்டாவதில் உள்ளே ஏதோ பிய்ந்தது. குழந்தைவேல் வயிற்றைப் பொத்திக்கொண்டார். பழனிசாமி அந்தக் கைகளை மிதித்து விலக்கிவிட்டு, அதே இடத்தில் மூன்றாவதை இறக்கினார்.

ஜீப் அடிவாரம் சேருமுன் சிறுநீர் ரத்தமாகவே போய், கீழே விரித்திருந்த சாக்கு நனைந்தது. சிறுநீரகங்கள் ஒட்டியிருந்த பகுதி கிழிந்திருந்தது. நான்கு பாட்டில் ரத்தம் ஏற்றி, வயிற்றைத் திறந்து தைத்தார்கள். பதினேழு நாள் படுக்கை. இனி அவரால் ஏணி ஏற முடியாது.

புகாரை விசாரித்த போலீஸ் அதிகாரி ஆஸ்பத்திரிக் காகிதத்தைத் தட்டினார். "பிறவிக் கோளாறுன்னு இதுலயே இருக்கு. தானாக் கிழிஞ்சிருக்கும்."

மனைவி அத்தாயி விடவில்லை. "தானாக் கிழியற வயிறு நாப்பத்திரண்டு வருஷம் சும்மா இருந்துச்சுங்களா? உங்க வயித்துல அந்த பூட்ஸை வெச்சுப் பாப்பமுங்களா?"

"வெளிய போம்மா!"

அவனுக்கு அப்படியொரு கோளாறு இருப்பதே தனக்குத் தெரியாது என்று பழனிசாமி வாக்குமூலம் தந்தார். அதை ஏற்றுப் புகாரை முடித்தார்கள். அந்த வாக்குமூலத்தின் நகலையும் குழந்தைவேல் கேட்டு வாங்கினார். உர மூட்டையின் பாலித்தீன் உறையில் ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் மடங்காமல் இருந்த, ரைட்டர் கையெழுத்திட்ட பழைய பிரதியை எடுத்து, இரண்டையும் சேர்த்துக் குண்டூசி குத்தி, மேலதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். மேலே அவர் எழுதியது இவ்வளவே:

‘இணைப்பு ஒன்று: தெரியாது என்கிறார். இணைப்பு இரண்டு: அதைச் சொல்லும் டாக்டர் சீட்டை 2018 ஜூலை 9 அன்று பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டிருக்கிறார். தெரியாதவர் என் கைகளை ஏன் விலக்கினார்? பதினைந்து நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் தருக.’