தலையும் காலும் வெட்டிய கடிதம்

பெரியண்ணன் அவர்களே, கனி ராவுத்தரின் பெயரை வெட்டியது நீங்கள்தான். அச்சகத்துக்காரர் மேல் பழி போடாதீர்கள். அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு மலரை இப்படியா தொடங்குவது என்று கேட்பவர்கள், முழுவதும் படித்துவிட்டுக் கேட்கட்டும்.

அக்கா மலாக்காவில், பெம்பானுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். பெரியண்ணனுக்கு அடுத்தவர், எனக்கு மூத்தவர். அம்மா இறந்தபோது அக்கா ஆறாம் வகுப்பு. அதோடு பள்ளிக்கூடம் நின்றது. பால் மரம் வெட்டப் போனார், எங்களுக்குச் சோறு ஆக்கினார். பெரியண்ணன் படித்து ஆசிரியரானார். நான் படிக்காமல் லோரி ஓட்டினேன். அக்கா இருவருக்கும் ஒரே அகப்பையில்தான் போட்டார்.

தோட்டத்தை விற்ற பிறகு டுரியான் துங்காலுக்கு வந்தோம். அங்கே கல்லூரி கேண்டீனில் அக்கா சமைத்தார். மலாய்ப் பிள்ளைகள் "காக்கா, காக்கா" என்று கூப்பிடுவார்கள். அவர்கள் மொழியில் அது அக்காதான். "எல்லாரும் காக்காவுக்குச் சோறு வைப்பாங்க. இங்க காக்காதான் சோறு வைக்குதுலா" என்று சொல்லிச் சிரிப்பார். காசில்லாத பிள்ளையின் தட்டில் முட்டையைச் சோற்றுக்கு அடியில் வைத்துக் கொடுப்பார். முதலாளிக்கும் தெரியக் கூடாது, பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கும் தெரியக் கூடாது.

அக்கா தன்னுடையது என்று வைத்திருந்தது தாத்தாவுக்கு வந்த கடிதங்களை மட்டும்தான். தாத்தாவும் அப்துல் கனி ராவுத்தரும் ஒரே கப்பலில் வந்தவர்கள். தாத்தா ரப்பர் தோட்டத்துக்குப் போனார், ராவுத்தர் மலாக்கா டவுனில் கடை வைத்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ராவுத்தர் சில வருடங்கள் தமிழ்நாட்டில் சொந்த ஊரில் போய் இருந்தார். தாத்தாவின் தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ராவுத்தர் பக்கத்து ஊரிலிருந்து நடந்து போய், அவர் சொல்லச் சொல்ல எழுதி அனுப்புவார். ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் தமக்காக, பிஸ்மில்லாவைக் குறிக்கும் 786 போடுவார். அதன் கீழே, தாத்தாவுக்காக, பிள்ளையார் சுழி போடுவார். பிறகுதான் சேதி.

மழை பெய்து மரம் நனைந்தால் வேலை இல்லை. அன்றைக்கு அக்கா கடிதம் படிப்பார். எங்களுக்குப் பிடித்தது இது:

"இவ்விடம் யாவரும் க்ஷேமம். தங்கள் தாயார் சொல்ல எழுதுகிறேன். சிவப்புப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. தங்கள் தங்கைக்கு ஆண் குழந்தை பிறந்து, தங்கள் பெயரையே வைத்திருக்கிறது. தாங்கள் வராவிட்டாலும் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட வீட்டில் ஒருவன் வேண்டுமாம். இதற்கு மேல் தாயார் சொன்னது முழுவதும் வசவு. எழுத என் கை கூசுகிறது. ஊருக்கு வந்து நேரில் வாங்கிக்கொள்ளவும். தங்கள் பிராண சிநேகிதன், அப்துல் கனி ராவுத்தர்."

"அந்த வசவையும் படி ஆயி" என்பார் அப்பா. அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "எடுபட்ட பயலே, கப்பல் ஏறுனா பெத்தவ மறந்து போயிருவாளாடா?" என்று சொந்தமாகச் சேர்த்துப் படிப்பார். அப்பாவுக்குக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பு.

இந்தக் கடிதத்தைத்தான் பெரியண்ணன் கைப்பேசியில் படம் பிடித்துப் போய்க் கோவில் கும்பாபிஷேக மலரில் போட்டார். மேலே 786 இல்லை. கீழே வசவு பற்றிய வரிகளும் இல்லை, ராவுத்தர் பெயரும் இல்லை. 'சொல்ல எழுதுகிறேன்' என்ற வரியும் போய்விட்டது. அடியில், "எங்கள் தாத்தாவுக்கு அவர் தாயார் கைப்பட எழுதிய கடிதம்" என்று இருந்தது. கையெழுத்துப் போடத் தெரியாத கிழவி!

அக்கா மலரை எடுத்துக்கொண்டு நேரே அவர் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"அண்ணே, தலை எங்க?"

"என்ன தலை?"

"கடுதாசியோட தலை. காலையும் காணோம்."

"கோவில் மலர்லா தங்கச்சி. அதுல போய் எழுநூத்து எண்பத்தாறு போட்டா ஆளுங்க கேக்க மாட்டாங்களா?"

"கேட்டா சொல்லுங்க. நம்ம சாமிய அவரு எழுதினாரு. அவரு சாமிய நீங்க வெட்டுனீங்க. எது மரியாதை?"

"சின்ன விஷயத்தப் பெருசாக்காத."

அக்கா அவர் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினார்.

ராவுத்தரின் பேத்தி ஹமீதா மலாக்கா டவுனில் மசாலாக் கடை வைத்திருக்கிறார். தாத்தா காலத்துப் பழக்கம் அறுந்ததே இல்லை. தீபாவளிக்கு அவர் வருவார், நோன்புப் பெருநாளுக்கு நாங்கள் போவோம். மலர் வந்த பிறகு அக்கா அவர் கடைப் பக்கம் போகவே இல்லை. "அந்தப் பிள்ள மூஞ்சியில எப்படிடா முழிப்பேன்?" என்பார்.

சிறுநீரகம் கெட்டு அக்கா ஆஸ்பத்திரியில் படுத்தபோது ஹமீதாவே கஞ்சியோடு வந்தார். அக்கா அந்தப் பேச்சை எடுத்ததும், "எங்க தாத்தாவ வெட்டுனா வெட்டிட்டுப் போகட்டும்கா. நீங்க மொதல்ல மாத்திரைய முழுங்குங்க" என்றார். அக்கா சிரித்தார். ஹமீதா போன பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணன எல்லார் முன்னாடியும் ராவுத்தரு பேரச் சொல்லச் சொல்லுடா. தப்ப ஒத்துக்கிட்டாப் போதும்" என்றார். பெரியண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தார். டாக்டரைப் பற்றிப் பேசினார், பார்க்கிங் பற்றிப் பேசினார். அக்கா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு அடுத்த வாரம் அக்கா போய்விட்டார்.

அக்காவைத் தூக்கிக் குளிப்பாட்டிய தாதியருக்கும், நாள் தவறாமல் ஆஸ்பத்திரிக்குக் கார் ஓட்டிய பக்கத்து வீட்டு மலாய்க்காரத் தம்பிக்கும், அடக்கத்தன்று வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்து நின்ற பழைய கேண்டீன் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கஞ்சி கொண்டுவந்த ஹமீதாவுக்கு நன்றி என்ற சொல் போதாது.

அடுத்த பக்கத்தில் கடிதத்தை முழுவதும் அச்சிட்டிருக்கிறேன். பெரியண்ணன் அவர்களே, உங்கள் மேல் எனக்குப் பாசம் இல்லாமல் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். இந்த மலர் நினைவு நாள் மண்டபத்தில் உங்கள் கைக்கு வரும்போது ஹமீதாவும் அவர் பிள்ளைகளும் அதே மண்டபத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். இலை போடுவதற்கு முன் எழுந்து நில்லுங்கள். அந்தக் கடிதத்தை எழுதியவர் யார், அவர் பெயரை ஏன் எடுத்தீர்கள்? என் காதில் வந்து சொல்ல வேண்டாம். மைக்கில் சொல்லுங்கள்.