ஐந்து மணிக்குள் ஒரு கடைவாய்ப் பல்

மாத்திரை அட்டைகளில் அச்சாகியிருக்கும் காலாவதித் தேதியைச் சரிபார்ப்பது அவர் வேலை. ஒரே மருந்துத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம். தேதி கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிடுவார். முதலாளியின் மச்சானே சிபாரிசுக்கு வந்தாலும் அசைய மாட்டார். பேக்கிங் ஹாலில் அவருக்குப் பெயரே 'காலாவதி'தான்.

இப்பேர்ப்பட்டவருக்கு இடது பக்கக் கீழ்க் கடைவாயில் எட்டு மாதமாக வலி. சிகிச்சைக்கு நாள் குறிக்கவில்லை. பயமா என்றால், பயத்துக்கு அவர் வைத்த பெயர் திட்டம். கம்பெனி கொடுத்த பல் காப்பீட்டில் வருடத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு. வேர் சிகிச்சையும் அதன்மேல் மாட்டும் கேப்பும் ஒரே வருடத்தில் வந்தால் வரம்பு தாண்டிவிடும், மிச்சம் கைக்காசு. வேரை இந்த வருடக் கடைசியிலும் கேப்பை அடுத்த வருட ஆரம்பத்திலும் வைத்துக்கொண்டால் ஒரே பல்லுக்கு இரண்டு வருடக் காப்பீடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு மாதத்துக்கு மேல் இடைவெளி கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆகவே காப்பீட்டு வருடம் முடியும்வரை இவர் பல்லைக் காத்திருக்கச் சொன்னார். பல் தன் அபிப்பிராயத்தை மணிக்கொரு தரம் தெரிவித்துக்கொண்டிருந்தது.

காப்பீட்டு அட்டையில் 'செல்லுபடி: ஆறாம் மாதம்' என்றிருந்தது. மருந்துப் பெட்டியில் மாதம் மட்டும் போட்டிருந்தால், அந்த மாதத்தின் கடைசி நாள்வரை நல்லது என்று அர்த்தம். அவருக்கு ரத்தத்தில் ஊறிய பாடம். இருபத்தெட்டாம் தேதிக்கு டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தார்.

பதினைந்தாம் தேதி, மூன்றே கால் மணிக்கு ஆபீஸ் பெண் ஹாலுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"சார், பல் இன்சூரன்ஸ் கார்டைக் குடுங்க. நாளைக்குப் புதுசு தர்றேன்."

"மாசக் கடைசி வரைக்கும் இருக்கேம்மா."

"நம்ம கம்பெனி சேர்ந்தது பதினாறாம் தேதி சார். இன்னிக்கு அஞ்சு மணியோட முடியுது. பாலிசில மூணாம் பக்கத்துல போட்டிருக்கே. நீங்க பார்க்காத தேதியா?"

பின்னால் யாரோ செருமினார்கள். அவர் தலையுறையைக் கழற்றவும் மறந்து வாசலுக்கு ஓடினார். ஆட்டோவிலிருந்தே மனைவிக்கு போன் செய்து பாலிசியை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்.

கிளினிக்கில் மணி நாலு ஐந்து. வரவேற்பில் இருந்த பெண் கார்டைத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ரூவல் வரணும் சார். அதுக்கப்புறம் அஞ்சுக்குள்ள டாக்டர் ஆரம்பிச்சுடணும். ஆரம்பிக்கிற நேரம்தான் கணக்கு."

நாலரைக்கு மனைவி பாலிசியோடு வந்து சேர்ந்தாள்; அப்ரூவல் வரவில்லை. நாலு முப்பத்தெட்டுக்கு போன் வந்தது. வலி எப்போதிலிருந்து என்று காப்பீட்டுக்காரர் கேட்டார். பாலிசி எடுப்பதற்கு முன்னாலேயே இருந்த வலி என்றால் கிடையாது.

"ஒரு... ஒரு வாரமா..." என்று இவர் இழுத்தார்.

மனைவி போனைப் பிடுங்கினாள். "எட்டு மாசமா சார். நான் பக்கத்துலயே இருந்து கேட்டிருக்கேன். உங்க பாலிசிக்கு வயசு பன்னெண்டு மாசம், வலிக்கு எட்டு. சந்தேகம்னா எங்க பக்கத்து வீட்டுலயும் கேளுங்க."

எதிர்முனையில் "பார்த்துச் சொல்றோம்" என்று வைத்துவிட்டார்கள்.

"கெடுத்தியே" என்றார் இவர்.

"ஒரு வார வலியில வேரே அழுகிடுச்சுன்னா எவன் நம்புவான்? எக்ஸ்ரே இருக்குல்ல?"

நாலு ஐம்பத்திரண்டுக்கு அப்ரூவல் வந்தது. அவரை நாற்காலியில் சாய்த்தார்கள். டாக்டரம்மா ஊசியைப் போட்டுவிட்டுக் கையுறையைச் சரிசெய்துகொண்டார்.

"மரத்துப்போகப் பத்து நிமிஷம் ஆகும் சார்."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு ஐம்பத்து மூன்று. பத்து நிமிஷம் கூட்டினால் ஐந்து மூன்று. கூட்டிக் கழித்தாலும் ஐந்து மூன்றுதான்.

"மரத்துப்போக வேணாம் டாக்டர். இப்பவே தோண்டுங்க."

"என்னங்க, விளையாடறீங்களா? போனாப் போகுது, கைக்காசைப் போட்டுடலாம்" என்றாள் மனைவி.

அவர் நாற்காலியின் இரு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார். நெற்றியிலிருந்து வியர்வை காதுக்குள் இறங்கியது. கால் கட்டைவிரல்கள் செருப்புக்குள் மடங்கிக்கொண்டன. டாக்டரம்மா அவரை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார்.

"ஊசி போட்டாலே ஆரம்பிச்சாச்சு சார். நாலு அம்பத்து மூணுன்னு எழுதியாச்சு."

"முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"நீங்க கேட்கவேயில்லையே."

அவர் உடம்பு மொத்தமும் நாற்காலிக்குள் சரிந்தது. கையெழுத்துக்குத் தாளை நீட்டிய வரவேற்புப் பெண், வேலையில் சுத்தம். "வேர் சிகிச்சை போக இந்த வருஷ வரம்புல நாப்பது சதவீதம் மிச்சம் சார். அது அஞ்சோட போயிடும்."

மணி நாலு ஐம்பத்தேழு. உதடு ஒரு பக்கம் தொங்க, அவர் மெல்லக் கையைத் தூக்கி வாயின் வலது பக்கத்தில் ஒரு பல்லைத் தொட்டுக் காட்டினார்.

டாக்டரம்மா சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். "இது நல்லா இருக்கே சார்."

விரல் அடுத்த பல்லுக்கு நகர்ந்தது.

மனைவி அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, ஐந்து மணி அடிக்கும்வரை விடாமல் பிடித்துக்கொண்டாள்.