ஆறே முக்கால் சுற்று

என் வீட்டு வாசற்கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு இரும்புப் பற்சக்கரத்தை முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறேன். சாப்பாட்டுத் தட்டளவு அகலம், தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் கனம். வாரத்துக்கு இரண்டு முறையாவது அதில் கால்விரலை இடித்துக்கொள்கிறேன். இடித்ததும் வாய் தானாக ஒரு மனிதரைத் திட்டுகிறது. அவர் எங்கள் தோட்டத்து லொறி டிரைவர். இந்தச் சக்கரம் அவர் லொறியின் பின் அச்சுக்குள் சுற்றியது. என் பேச்சைக் கேட்காமல் இதைத் தேர்ந்தெடுத்தவரும் அவர்தான்.

ஐம்பதுகளில் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் மருத்துவச்சியாக இருந்தேன். உலக யுத்தத்தில் ஓடிக் களைத்த பிக்கப் லொறி ஒன்றுதான் தோட்டத்துக்கு. கொழுந்து மூட்டை, அரிசி, தேயிலைப் பெட்டி, பிள்ளைத்தாய்ச்சி எல்லாம் அதில்தான் போகும். தொழிலாளர் குடியிருந்த கீழ் டிவிஷன் லயங்கள் ஆற்றோரம் இருந்தன. அங்கிருந்து பெரிய ரோட்டுக்கு ஒரு மைல் மூச்சு முட்டும் ஏற்றம். அதன்பிறகு ஆஸ்பத்திரி வரை ஒன்பது மைல், முழுக்க இறக்கமும் வளைவும். ஒரு மழைக்காலத்தில் பின் அச்சின் பற்கள் தேய்ந்து லொறி ஊளையிட ஆரம்பித்தது. கொழும்பில் இரண்டு விதமான பற்சக்கரம் கிடைக்கும், எது வேண்டுமென்று டிரைவரே சொல்லட்டும் என்று தோட்ட மனேஜர் துரை ஒதுங்கிக்கொண்டார். எனக்கு அன்றைக்குப் பிடித்தது சனி.

முதலில், பழையது எத்தனை சுற்று என்று பார்க்க வேண்டும் என்றார் டிரைவர். லொறியின் பின்பக்கத்தைக் கட்டைகளில் ஏற்றி, டயரில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, ஒரு சக்கரத்தை அவரும் மறு சக்கரத்தை அவர் மனைவியும் ஒருசேரச் சுற்றினார்கள். எஞ்சினிலிருந்து பின் அச்சுக்கு வரும் தண்டு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று சேற்றில் குந்தி எண்ணியது நான். அந்தப் பெண்ணுக்கு அப்போது ஏழு மாதம்.

"வயித்துப் பிள்ளக்காரிய சக்கரம் சுத்த வுடுறீங்களே, உங்களுக்கு அறிவு இருக்கா?"

"இவுங்க சொன்னா கேக்க மாட்டாங்கம்மா. நீங்க எண்ணுங்க, சீக்கிரம் முடிஞ்சிரும்" என்று அவள்தான் சிரித்தாள்.

இருவரையும் திட்டிக்கொண்டே எண்ணினேன். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றத் தண்டு ஆறே முக்கால் சுற்றுச் சுற்றியது. இழுவை அதிகம், ஓட்டம் குறைவு என்று அர்த்தமாம். கொழும்பிலிருந்த மற்றது ஐந்தே சுற்று. ஓட்டம் அதிகம், இழுவை குறைவு. இது எனக்கு விளங்கக் கால்மணி நேரம் ஆனது. அவர் முடிவெடுக்க மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். தினமும் நான் மருந்து கொடுக்கும் காம்பராவுக்கு வந்து, வரிசையில் பெண்கள் உட்கார்ந்திருக்கும்போதே, தரையில் சுண்ணக்கட்டியால் ரோட்டை வரைவார். நான் தினமும் அதைத் துடைப்பேன்.

"பழைய மாதிரியே போடுங்க. ஏத்தத்துக்கு இழுவதானே வேணும்?"

"ஏத்தம் ஒரு மைலுதாங்கம்மா. மத்தது ஒம்போது மைலு."

"அந்த ஒம்போது மைலுல எந்த வளைவுல நீங்க பறக்கப் போறீங்க?"

மறுநாள் அதே பேச்சு, அதே படம். ஒருநாள் சுண்ணக்கட்டியைப் பிடுங்கி வெளியே எறிந்துவிட்டேன். அப்போதுதான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "போன தடவ, ஆஸ்பத்திரிக்கு ரெண்டு மைலு இருக்கையிலதானேம்மா..."

 மீதியை எனக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தப் பிள்ளை லொறியிலேயே உயிரில்லாமல் பிறந்தபோது துணியில் சுற்றியது என் கைதான். அதற்கு முன்பும் இரண்டு தங்கவில்லை. அந்த இரண்டு மைலைத்தான் அவர் சுண்ணக்கட்டியால் குறைத்துக்கொண்டிருந்தார். அவர் கணக்குத் தப்பு என்று தெரிந்தும் நான் எழுந்து கை கழுவப் போனேன். இன்னும் ஒருமுறை சண்டை பிடித்திருக்க வேண்டும். அந்தக் கோபம் எனக்கு என்மேலேயே உண்டு.

ஐந்து சுற்றுச் சக்கரம் வந்து பூட்டியாயிற்று. காய்ந்த ரோட்டில் லொறி முக்கி முக்கி ஏறியது. அடுத்த மாதம் ஒரு பகல், கொட்டும் மழையில், அவளுக்கு வலி எடுத்தது. கொழுந்து மூட்டைகளை ரோட்டோரம் இறக்கிப் போட்டுவிட்டு, பின்தட்டில் மெத்தை விரித்து, தலைக்குமேல் படங்கு கட்டிப் புறப்பட்டோம். ஏற்றத்தின் இரண்டாவது வளைவில் லொறி இருமி நின்றது. மறுபடி கிளப்பினார், மறுபடி நின்றது. நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அவர் லொறியைப் பின்னுக்கு உருட்டி, கீழே ஆற்றுப் பாலம் வரைக்கும் கொண்டுபோனார். பெண்டாட்டியை மேலே ஏற்றாமல் கீழே இறக்குகிறாரே, மனிதனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

பாலத்தில், பின்பக்கம் ஏற்றத்தைப் பார்க்கும்படி லொறியைத் திருப்பினார். ரிவர்ஸ் கியரில் முதல் கியரைவிட இழுவை அதிகம் என்பது எனக்கு எங்கே தெரியும்? கதவைத் திறந்து பாதி உடம்பை மழையில் வெளியே நீட்டி, கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தபடி, அந்த ஒரு மைலையும் பின்பக்கமாகவே ஏற்றினார். நாங்கள் பின்தட்டில் இருந்ததால் வழியெல்லாம் அவர் முகம் எங்களைப் பார்த்தே இருந்தது. அவள் கத்துவதை நிறுத்திவிட்டு அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஏற்றிய பத்தாம் நிமிடம் பெண்பிள்ளை பிறந்தது. உரக்க அழுதது. வெளியே வந்து சொன்னேன். மனிதர் தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னது இதுதான்: "பாத்தீங்களாம்மா, பெரிய ரோட்டுல எப்புடி வந்தோம்!" நல்லவேளை, என் கையில் எதுவும் இருக்கவில்லை.

வேறு சக்கரம் வாங்கித் தர துரை மறுத்துவிட்டார். அதன்பிறகு கீழ் டிவிஷனில் யாருக்கு வலி எடுத்தாலும், யாரும் சொல்லாமலே டிரைவர் பாலத்தில் லொறியைத் திருப்பிக்கொள்வார். ஆறு வருடம் அப்படியே ஏற்றி, கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தே போனது. தைலம் தேய்க்கக் கொடுக்கும்போதெல்லாம் கேட்பேன், ஐந்து சுற்றுச் சக்கரம் போட்டது தப்புத்தானே என்று. ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை.

லொறி பழைய இரும்புக்குப் போன வருடம், அவர்களும் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். புறப்படுவதற்கு முந்தின நாள் சாக்கில் எதையோ சுமந்து வந்து என் வாசலில் இறக்கினார். இந்தச் சக்கரம். ஆறு வயது மகள் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இத நான் என்னய்யா பண்றது?"

"வச்சுக்கங்கம்மா. நான் போனப்பறம் யாரத் திட்டுவீங்க?"

இன்று காலையும் இடித்துக்கொண்டேன். விரலைப் பிடித்துக்கொண்டு, "ஆறே முக்காலுதான் சரின்னு அன்னைக்கே சொன்னேனே" என்று சத்தமாகவே சொன்னேன். ஒம்போது மைல் என்று எதிர்த்துப் பேச ஆளில்லை.