சித்தி வீட்டுப் பங்கர்

எங்கள் ஊரில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. ஷெல் சத்தம் கேட்டால் பங்கருக்குள் முதலில் இறங்குகிறவள் நான்தான். வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கிறவள். ஓடி ஒளிவதில் முதலாம் பிள்ளை. எட்டு வயதில் அந்தப் பெருமை எனக்குத் தாராளமாகப் போதும்.

ஈச்சிலம்பற்றுப் பக்கம், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. வேலியைத் தாண்டினால் சித்தி வீடு. இரண்டு குடும்பத்துக்கும் ஒரே பங்கர், சித்தி வீட்டு முற்றத்தில். அப்பாவும் சித்தப்பாவும் மணலைத் தோண்டி, பனங்குற்றி அடுக்கி, மேலே மண்மூட்டை போட்டுக் கட்டியது. சண்டை நின்று இரண்டு வருடத்துக்கு மேலாகியும் அதை மூட யாருக்கும் மனம் வரவில்லை. சமாதானத்தை யார் நம்பினார்கள்! சித்தி கிழமைக்கு ஒருதரம் அதைக் கூட்டித் துப்புரவாக்குவார். அப்பா நினைத்தாற்போல் "சத்தம் கேக்குது!" என்று கத்துவார், நாங்கள் விழுந்தடித்து ஓடவேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. உள்ளே குந்தி, காதைப் பொத்தி, வாயைத் திறந்து வைத்திருக்க வேண்டும். கூப்பிடும்வரை, என்ன நடந்தாலும் வெளியே வரக்கூடாது.

சித்தியின் மகனுக்கு ஐந்து வயது. இந்த விஷயத்தில் அவன் சுத்த மோசம். வாசலில் நின்று "பாம்பு இருக்கும் அக்கா" என்று சிணுங்குவான். நான் தள்ளித்தான் இறக்குவேன்.

அன்றைக்கு அப்பாவும் சித்தப்பாவும் ஊரில் இல்லை. படகின் இயந்திரத்தைத் திருத்த முதல்நாளே திருகோணமலைக்குப் போய்விட்டார்கள். காலையில் சித்தி சீனி வாங்க றோட்டுக் கடைக்குப் புறப்பட்டார். "தம்பியைப் பாத்துக்கொள் குஞ்சு, இப்ப வந்திடுவன்" என்று அவனை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். அம்மா எங்கள் குசினியில் புட்டு அவித்துக்கொண்டிருந்தார். நானும் அவனும் சித்தி வீட்டு முற்றத்தில் சிப்பி அடுக்கிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் கடல் பக்கமிருந்து ஒரு நீண்ட உறுமல் கேட்டது. அந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான்: கப்பலிலிருந்து ஷெல் அடிக்கிறார்கள். கடலே எழும்பி வரும் என்று யார் கண்டது! சுனாமி என்ற சொல்லை அதுவரை எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை.

"பங்கருக்குள்ள போடா!" என்றேன்.

"ஏலாது, நான் அம்மாட்டப் போகப்போறன்" என்று அவன் றோட்டுப் பக்கம் ஓடினான். விடுவேனா? சட்டையில் பிடித்து இழுத்துவந்து உள்ளே தள்ளினேன். "நான் வந்து கூப்பிடுமட்டும் வெளியில வரப்படாது. வந்தியெண்டா அடிதான்!"

இப்போது எங்கள் கடற்கரையில் ஓடவேண்டிய திசையைக் காட்டிப் பலகை நட்டிருக்கிறார்கள். அது றோட்டுப் பக்கத்தைத்தான் காட்டுகிறது.

அன்று அவன் சிணுங்கவில்லை. குந்தினான், காதைப் பொத்தினான், வாயைக்கூடத் திறந்து வைத்துக்கொண்டான். முதல்தடவையாக எல்லாவற்றையும் சரியாகச் செய்தான்.

அம்மாவையும் கூட்டிவர வேலியால் புகுந்து ஓடினேன். அம்மா குசினி வாசலில் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஒரே தூக்காகத் தூக்கி இடுப்பில் போட்டுக்கொண்டு றோட்டை நோக்கி ஓடத் தொடங்கினார். எனக்குச் சீ என்று போய்விட்டது. இத்தனை பயிற்சிக்குப் பிறகும் இப்படியா? "பங்கர் அங்கால இருக்குதம்மா! பங்கர்!" என்று அவரது முதுகில் குத்தினேன். "பேசாம வா, சனியன்!" என்றார். சித்தி தன் மகனைக் கடைக்குக் கூட்டிப்போயிருக்கிறார் என்றுதான் அம்மா நினைத்திருந்தார். தண்ணீர் எங்களை வயல் வரம்பில் எட்டிப் பிடித்தது. புரட்டி எடுத்து, ஒரு மரத்தோடு சேர்த்து விட்டுவிட்டுப் போனது.

பின்னேரம், தப்பியவர்கள் எல்லாரும் மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்தில் கூடியிருந்தோம். சித்தி ஒவ்வொரு பிள்ளையாகத் திருப்பி முகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். எங்களைக் கண்டதும் ஓடிவந்து, "அவன் எங்க அக்கா?" என்றார்.

"உன்னோடயெல்லோ கடைக்கு வந்தவன்?" என்றார் அம்மா. நான்தான் பதில் சொன்னேன். சந்தோஷமாகவே சொன்னேன், மறைப்பானேன்.

"பயப்பிடாதேங்கோ சித்தி. நான் அவனைப் பங்கருக்குள்ள விட்டனான். பத்திரமா இருப்பான்."

அம்மா கையை ஓங்கினார். சித்தி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "அடியாதேங்கோ அக்கா. நாங்கள் சொல்லிக்குடுத்ததைத்தானே பிள்ளை செய்தவள்" என்றவர் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். அம்மாவும் பக்கத்தில் இருந்து தலையில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. சித்தியின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"எழும்புங்கோ சித்தி, போவம். நான் போய்க் கூப்பிட்டாத்தான் அவன் வருவான்."

பள்ளிக்கூடம் நிறையப் பெரியவர்கள். இந்தச் சின்ன விஷயம்கூட இவர்களில் ஒருவருக்கும் விளங்கவில்லையே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.