கர்த்தர் பேசட்டும்

என் கணவருக்குச் சர்க்கரை. வலது கால் கட்டைவிரல் கறுத்துவிட்டது. டாலிகஞ்சில் நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர், "விரலை எடுத்துவிட்டால் பாதம் தப்பும், தள்ளிப் போடாதீர்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்ததும் இவர், "கர்த்தர் பேசட்டும். அதுவரைக்கும் ஆபரேஷன் பேச்சே எடுக்காத" என்றுவிட்டார்.

காரணம், புத்தாண்டு ஆராதனையில் அவர் எடுத்த வாக்குத்தத்த அட்டை. இந்த வங்காளத்து ஊரில் உள்ள எங்கள் தமிழ்ச் சபையில் அன்று ஆளுக்கொரு அட்டை எடுப்போம். அதிலிருக்கும் வசனம்தான் அந்த வருடத்துக்குக் கர்த்தர் நமக்குத் தந்த வார்த்தை. இவருக்கு வந்தது, கர்த்தரே குணமாக்குகிறவர் என்னும் வசனம். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தார். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்து எனக்கு எரிச்சல் வரும்.

கிடர்பூரில் கப்பல் கம்பெனி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, சபையில் வேதபாடம் எடுப்பவர் இவர்தான். தீர்க்கதரிசிகளோடு கடவுள் எப்படியெல்லாம் பேசினார் என்று அழகாகச் சொல்வார். சிலரிடம் சொப்பனத்தில், சிலரிடம் தரிசனத்தில். ஒருவரை எரியும் முட்செடிக்குள்ளிருந்து கூப்பிட்டு, பிறகு அவரிடம் முகமுகமாகவே பேசினார். ஓடி ஒளிந்த இன்னொருவரிடம், காற்றும் நெருப்பும் அடங்கிய பின் மெல்லிய சத்தத்தில். இப்போது தனக்கும் அப்படி ஏதாவது வரும் என்று காத்திருந்தார். காலையில் கண் விழித்ததும், சொப்பனம் எதுவும் வரவில்லையே என்று அலுத்துக்கொள்வார்.

சபைக்காரர்கள் போன் செய்தார்கள். ஒருவர், இவர் ஓடுவதைத் தரிசனத்தில் கண்டாராம். இன்னொரு அக்கா, "வெட்ட விடாதீங்கண்ணே, விசுவாசத்துல நில்லுங்க" என்றார். எல்லோரிடமும் கர்த்தர் தாராளமாகப் பேசினார். கட்டு மாற்றுவதற்கு மட்டும் நான். புண்ணின் வாடை சமையலறை வரை வந்தது. எனக்கு அழக்கூடத் தெம்பில்லை.

ஒரு ஞாயிறு மதியம் கட்டைப் பிரித்தேன். கறுப்பு, விரலைத் தாண்டிப் பாதத்தில் ஏறியிருந்தது. தரையில் உட்கார்ந்தபடியே கேட்டேன்:

"நீங்கதான பாடம் எடுத்தீங்க? கர்த்தர் பேசினதும் சந்தோசப்பட்ட தீர்க்கதரிசி எத்தன பேரு? ஒருத்தர் எனக்குப் பேச வராதுன்னாரு. ஒருத்தர் கப்பலேறி ஓடினாரு. ராஜாவுக்குப் புடிச்சதையே சொன்னவங்கெல்லாம் கள்ளத் தீர்க்கதரிசின்னு நீங்கதான சொன்னீங்க? உங்களுக்குப் புடிக்காதத சொன்னது அந்த டாக்டர் ஒருத்தர்தான்."

அவர் குனிந்து தன் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "வண்டி கூப்புடு" என்றார்.

நியூ டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். விரலோடு நிற்கவில்லை. பாதத்தில் பாதி போய்விட்டது.

என் மூலமாகக் கர்த்தர் பேசினார் என்று இப்போது சபையில் சொல்கிறார்கள். எல்லோர் முன்னும் எழுந்து சாட்சி சொல்லச் சொல்லி வற்புறுத்துகிறார்கள். பேசுகிறவர், இவர் பாதம் போவதற்கு முன்பே பேசியிருக்கக் கூடாதா என்று வாய்வரை வரும். விழுங்கிவிடுவேன்.

போன வாரம் வாக்கரைப் பிடித்து நின்றபடி இவரும் கேட்டார். "உண்மையச் சொல்லு. அன்னைக்கு உனக்குக் கர்த்தரோட சத்தம் கேட்டுச்சா?"

"எனக்குக் கேட்டது நீங்க தூக்கத்துல முனகுன சத்தம்தான்" என்றேன். "தினமும் கேட்டுச்சு."